வாழைக்கடியில் கிடந்த பச்சை

என்னிடம் ஒரு ரொக்கெட் இருந்தது. சிரிப்பார்கள் என்று எங்கள் ஆட்கள் எவரிடமும் நான் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. ஆறரை அடி நீளம். தடித்த காகித மட்டைக் குழாய், அடியில் சிறகுபோல நிற்க ஒட்டுப்பலகையில் வெட்டிய மூன்று செட்டைகள், நுனியில் கூரான பிளாஸ்டிக் மூக்கு. போட்டோக் கொப்பி மெசின் திருத்தும் வேலையில் என்னோடு இருந்த ஒரு வெள்ளைக்காரன்தான் என்னை அந்தப் பைத்தியத்துக்குள் இழுத்துவிட்டவன். லண்டனிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓடினால் ஒரு பெரிய வயல் வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே இருபது பேர் கூடுவோம். மோட்டாரை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், அது கிளப்பில் ஒருவரிடம் இருந்தது. அவர் மோட்டாரைப் பொருத்தித் தருவார். தூரத்தில் நின்று பொத்தானை அமத்த வேண்டும். ரொக்கெட் அரை மைல் மேலே போகும். உச்சியில் மூக்குக் கழன்று பரசூட் விரியும், மெல்ல இறங்கி வரும். அவ்வளவுதான் விளையாட்டு.

நான் எண்பதுகளின் தொடக்கத்திலேயே லண்டனுக்கு வந்துவிட்டேன். ஊரில், யாழ்ப்பாணத்தில், சண்டை பெருத்தது அதற்குப் பிறகு. சண்டை எனக்குத் தொலைபேசியில் வந்தது, டூட்டிங் தமிழ்க் கடைகளில் கிடக்கும் பேப்பரில் வந்தது. ஒரு வெடிச் சத்தமும் நான் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரொக்கெட்டுக்கு நான் அடித்திருந்தது ஆமிக்காரரின் பச்சை. கழுத்தைச் சுற்றி மஞ்சள் பட்டி. பக்கத்தில் அச்சுத் தகட்டை வைத்து மஞ்சளிலேயே எழுத்துகளும் இலக்கங்களும். நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் இருந்த ஏவுகணைப் படத்தைப் பார்த்து அப்படியே செய்தேன். கிளப்பில் எல்லோரும் தடவிப் பார்த்து மெச்சினார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வள்ளத்தில் கடல்நீரேரி கடந்து, எத்தனையோ இடத்தில் மறிபட்டு, கொழும்புக்கு வந்து சேர்ந்தவ. அங்கே போய்த் தாலி கட்டினேன். ஒரு செப்டெம்பரில் லண்டனுக்கு, என் நோர்பரி வீட்டுக்கு வந்தா. அதிகம் பேசாதவ. நான் பின்னேர ஷிப்ட் முடித்து வரும்போது சோறு சூடாக இருக்கும்.

அடுத்த வருசம் மே மாதம், பிக்னிக் போவோம் என்று அவவைக் கூட்டிக்கொண்டு போனேன். கட்லட் பொரித்து, பிளாஸ்கில் தேத்தண்ணியும் எடுத்து வந்தா. ரொக்கெட்டைப் படுக்கை விரிப்பால் சுற்றி, சீட்டுகளுக்கு நடுவால் நீட்டி வைத்திருந்தேன். வயலில் வைத்துத்தான் விரிப்பை எடுத்தேன். அவ கன நேரம் பார்த்தா. பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பொத்தானை அமத்தினேன். சீறிக்கொண்டு ஏறியது. உச்சியில் மூக்குக் கழன்றது தெரிந்தது, ஆனால் பரசூட் வரவில்லை. தடிப்பாகச் சுருட்டி இறுக்கியிருந்தேன், குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொண்டது. ரொக்கெட் தலைகீழாகத் திரும்பியது. திறந்த குழாய்க்குள் காற்றுப் புகுந்து ஒரு விசில் சத்தம் எழும்பியது. வரவரக் கூடியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் பிடரியில் ஒரு கை விழுந்தது. அடுத்த கணம் என் முகம் புல்லுக்குள் இருந்தது. அவ என்மேல் பாதி கிடந்தா. ஒரு கையால் என் தலையை அமத்தி, மற்றக் கையால் தன் காதைப் பொத்தி, வாயை ஆவென்று திறந்து வைத்திருந்தா. வாயை ஏன் திறந்திருக்கிறா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. செவிப்பறை கிழியாமல் இருக்க அப்படித் திறப்பார்களாம், அது பிறகுதான் தெரியும். ஐம்பது அடி தள்ளித் தொப்பென்று ஒரு சத்தம். அவ எழும்பவில்லை. அடுத்ததுக்காகக் காத்துக் கிடந்தா.

அடுத்தது வரவில்லை. மெல்லத் தலையைத் தூக்கினா. சுற்றி நின்ற அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவரும் சிரிக்கவில்லை. அவ எழும்பி, சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டி, இங்கிலீசில் சொறி என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னா. என்னால் எழும்ப முடியவில்லை. அந்தக் கையின் பலம் என் பிடரியிலேயே இருந்தது. எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இவ ஆரென்று எனக்குத் தெரியாது என்று அந்தப் புல்லுக்குள் கிடந்துதான் விளங்கியது.

திரும்பி வரும் வழியில், "அவையள் என்ன நினைச்சிருப்பினம்?" என்று மட்டும் கேட்டா.

உடைந்ததைப் பின்வளவுக் கொட்டிலுக்குள் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். முன்பக்கம் இரண்டடி நசுங்கிப் பிளந்திருந்தது. இரண்டு செட்டைகள் முறிந்துவிட்டன. இனி இந்த விளையாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை, சாமான் வாங்கிக்கொண்டு வருகிறேன், கொட்டில் கதவு திறந்திருந்தது. அவ ஒரு வாளியைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் இருந்தா. மடியில் ரொக்கெட்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை. வெறுங் குழாய்."

"கையை விட்டுப் பாக்கலாமோ?"

ஓம் என்றேன். முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினா. கசங்கிய பரசூட்டை இழுத்து வெளியே போட்டா. பிறகு பச்சை மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டா.

"ஏன் இந்த நிறம் அடிச்சனீங்கள்?"

"வடிவா இருக்குமெண்டு," என்றேன்.

அவவுக்குக் கோபம் வரவில்லை. யாருடையதோ கதையைச் சொல்வதுபோலச் சொன்னா.

"எங்கட வளவில ஷெல் ஒண்டு கிடந்தது. வாழைக்கடியில. இதே பச்சை, மஞ்சள் எழுத்து. வெடிக்கேல்லை. பதினொரு நாள் கிடந்தது."

சுற்றி ஒரு கொடிக் கயிறு கட்டியிருந்தார்களாம். போக வேறு இடம் இல்லை, அதனால் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். கிணற்றுக்கு மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவார்கள். வளவுக்குள் எல்லோரும் இரகசியக் குரலில் கதைப்பார்கள். ஒருநாள் இவ கையிலிருந்து சட்டி ஒன்று நழுவி விழுந்தபோது தாய் கன்னத்தில் அறைந்தாவாம். வாழ்க்கையில் அந்த ஒரே ஒரு தடவை. பன்னிரண்டாம் நாள் விடியப் பார்த்தால் வாழைக்கடியில் அது புதைந்திருந்த கிடங்கு மட்டும் இருந்தது. யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

நான் சாமான் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன். அவ நிறுத்தவில்லை. போன நவம்பரில் வெள்ளைக்காரர் தங்கள் வழக்கப்படி தெருவெல்லாம் வாணம் விட்டார்களே, நான் ஷிப்டுக்குப் போன அந்த இரண்டு பின்னேரமும் மாடிப்படிக்குக் கீழே, தூசி உறிஞ்சும் ஹூவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாவாம். நான் வரும் நேரம் பார்த்து வெளியே வந்து சோற்றைச் சூடாக்கினாவாம். அந்தச் சோற்றை நான் சாப்பிட்டிருக்கிறேன். கதை கதையாகச் சொல்லிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்.

"இனி எனக்கு ஒளிக்க ஏலாது," என்றா. "இதைத் திருப்பிச் செய்வம். நானும் செய்யிறன்."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவ அரத்தாள் எங்கே என்று கேட்டா.

முதலில் பச்சையை உரித்தோம். தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தோம். வாளித் தண்ணீர் பாசிக்குளம் மாதிரி ஆனது. அவவின் நகக்கண் எல்லாம் பச்சை. இலக்கங்கள் இருந்த இடத்தை என்னைத் தொடவிடவில்லை. மட்டை தெரியும்வரை தானே தேய்த்தா.

நசுங்கிய பகுதியை நல்ல இடம் வரும்வரை அளந்து, குழாயைச் சுற்றிக் கடதாசி ஒட்டி, அதன் விளிம்போடு நுண்பல் வாளால் அரிந்தேன். உள்ளே இறுக்கமாகப் போகும் ஒரு துண்டுக் குழாயை எப்பொக்சிப் பசை பூசிச் செருகி, புதுக் குழாயை அதன்மேல் ஏற்றி ஒட்டினேன். அதற்கு மேல் கண்ணாடி நார்த் துணி சுற்றி ரெசின் தடவினோம். ஒரு கிழமை வீடு முழுக்க அந்த மணம். முறிந்த செட்டைகளின் அடியைக் கிண்டி எடுத்துப் புதுப்பலகை வெட்டி வைத்தேன். நேராக நிற்கிறதா என்று அவ கதவு நிலையோடு வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தா. ஒன்று ஒரு நூல் சரிவு. கழற்றச் சொன்னா. கழற்றினேன்.

நிறம் வாங்க, கார் பெயின்ற் விற்கும் கடைக்குப் போனோம். அவ ரின்களின் மூடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போய், பளீரென்ற ஒரு செம்மஞ்சளில் நின்றா. கனகாம்பரப் பூ நிறம்.

"இந்த நிறத்தில ஒருத்தனும் ஷெல் செய்யமாட்டான்," என்றா.

முதல் பூச்சை நான் அவசரப்பட்டு அடித்தேன், வடிந்து கோடு கோடாக நின்றது. மறுபடி தேய்த்தோம். இரண்டாவதை அவ அடித்தா. ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு, கையை நிறுத்தாமல், மெல்லிசாக.

ஓகஸ்டில் கொண்டுபோனோம். வயலில் அறுவடை முடிந்து, அறுத்த தாளின் ஒட்டு மட்டும் நின்றது. பரசூட்டை இந்த முறை தளர்வாக மடித்துப் பவுடர் தூவி வைத்தேன். அவ கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா. காருக்குள் இருக்கலாம் என்றேன், தலையை ஆட்டினா. பொத்தானை வேறொருவரை அமத்தச் சொல்லிவிட்டு அவவின் பக்கத்தில் போய் நின்றேன். ரொக்கெட் ஏறியதை நான் பார்க்கவில்லை, அவவின் முகத்தைத்தான் பார்த்தேன். வாய் மெல்லத் திறந்தது. முழங்கால் மடியத் தொடங்கியது. பாதியில் நின்றது. விரல்கள் கதவு விளிம்பில் வெளிறிப் போயிருந்தன. பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். மேலே செம்மஞ்சள் தொங்கி ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது.

அவ காருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தா. நான் தண்ணீர்ப் போத்தலோடு ஓடினேன். வாயைக் கொப்பளித்து, என் கைலேஞ்சியை வாங்கித் துடைத்தா.

"வாங்கோ, போய் எடுத்துக்கொண்டு வருவம்."

அரை மைலுக்கு மேல் நடந்தோம். ஒட்டுக் குத்தக் குத்த அவ முன்னால் போனா. ரொக்கெட் ஒரு வரம்போரம் கிடந்தது. ஒரு செட்டையின் நுனியில் சின்னக் கீறல். அவ குந்தியிருந்து எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தா. கீறல் போகவில்லை.

பிறகும் இரண்டு தரம் வந்தா. இரண்டு தரமும் வாந்தி. மூன்றாவது முறை கேட்டபோது, "எனக்கு இவ்வளவும் காணும், நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றா. நான் தனியே போய் வந்தேன். வந்து, எவ்வளவு உயரம் போனது, எங்கே விழுந்தது என்று சொல்லுவேன். அவ சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே கேட்பா. நான் சொல்லி முடித்ததும் இப்போதெல்லாம் நான் அவவிடம் கேட்பேன், நீர் இண்டைக்கு என்ன செய்தனீர் என்று.