இரண்டு இடது கைகள்

பனியன் கம்பெனி டெய்லர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னென்னவோ நினைத்துக்கொள்கிறார்கள். ஏழு வருஷம் திருப்பூரில் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்து நான் தைத்தது டி-சர்ட்டின் கை மட்டும்தான். ஒருத்தி தோளை மூட்டித் தள்ளுவாள், நான் இரண்டு கைகளையும் வைத்து அடுத்த டேபிளுக்குத் தள்ளுவேன். அதற்கப்புறம் அந்த டி-சர்ட் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் செக்கிங் பக்கம் எட்டிப் பார்த்தால் உண்டு. இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! யாருக்கும் காதில் ஏறாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் கிழிந்த ஜாக்கெட்டையும் ஜிப்பு போன பேண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். "நீதான் டெய்லராச்சே!"

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு மே மாதம் கம்பெனியில் ஆர்டர் இல்லையென்று ஏழு வாரம் மூடிவிட்டார்கள். எல்லாரும் கவலைப்பட்டார்கள். நானும் வெளியே கவலைப்பட்டேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எனக்கும் கோடை லீவு. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொஞ்சம் மண்ணைக் கொத்தி வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினேன். மத்தியானம் தூங்கினேன்.

எங்கள் லைன் வீட்டில் எதிர்வீட்டுக்காரி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள். புருஷனுக்குச் சாயப்பட்டறையில் வேலை, இவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும்போது தன் கால் மிஷினை என் வீட்டுக்குள் தூக்கி வைத்துவிட்டுப் போனாள்.

"சும்மா கெடக்கப்படாதுக்கா. நீங்க எதாச்சும் தைங்க. நம்ம கையால ஒண்ணு முழுசா தைச்சிப் பாத்தா ஒரு சொகம் இருக்குக்கா."

அந்தச் சுகம் என்னவென்று பார்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் மிஷின் என்னைப் படாத பாடு படுத்தியது. பவர் மிஷினில் காலை வைத்தால் ஓடும். இதில் காலை வைத்தால் சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் அறுந்தது. ஓவர்லாக்கில் பாபின் என்கிற சாமானே கிடையாது. அதைச் சுற்றி உள்ளே போட்டு அடிநூலை மேலே வரவைக்கவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. ஆனால் மூன்றாம் நாள் ஒரு தலையணை உறை தைத்தேன். நாலு பக்கமும் நானே. நேராக இருந்தது. அதைத் தலையணைக்குப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பைத்தியம் மாதிரிதான். ஆனால் அவள் சொன்ன சுகம் அதுதான் போலிருக்கிறது.

அந்தச் சுகம் மூன்று நாள்கூட நீடிக்கவில்லை. கணியூரிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா வந்து இறங்கினார். எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். கூடவே அவருடைய பதினோரு வயது மகள். கையில் ஒரு பை, அதற்குள் மயில்கழுத்து நிறத்தில் பட்டுத்துணி, அரக்குக் கரையில் ஜரிகை போட்டது.

"ஊர்ல கோயில் நோம்பி வருது அம்மிணி. புள்ளைக்குப் பாவாடை சட்டை தைக்கோணும். உன்றகிட்டதான் குடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா."

புள்ளை அப்படி எதுவும் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நங்கையா, எனக்குப் பட்டெல்லாம் தைக்கத் தெரியாதுங்க. நான் கம்பெனியில கை மட்டுந்தானுங்க வெக்கறது."

"அட, கை வெக்கறதுதான் கஷ்டமுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதே வருதுன்னா மத்ததெல்லாம் வராதா?"

உதவிக்கு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அக்காவைக் கண்டால் உடம்பு இரண்டு அங்குலம் உயர்ந்துவிடும்.

"அதெல்லாம் தைச்சுருவாக்கா. கட்டிங் நான் போட்டுத் தர்றேன். ஒரு நாளைக்கு எத்தன பீஸு அடிக்கறா, இது ஒத்தப் பீஸு! கண்ண மூடிட்டு அடிப்பா."

நான் கண்ணைத் திறந்துகொண்டே அவரை முறைத்தேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. நங்கையா காபி குடித்துவிட்டு, புள்ளையின் பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டு, கொல்லையில் இருந்த வெண்டைச் செடிகள் நெருக்கமாக இருக்கின்றன என்று பாதியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். நோம்பிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் தரையில் பாயை விரித்து அதன்மேல் துணியை விரித்தார். கம்பெனி டேபிளில் நாற்பது ஐம்பது மடிப்புத் துணியை அடுக்கி ஒரே மூச்சில் அறுக்கிறவர். ஒற்றைத் துணியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அளவுச் சட்டையைத் தையல் பிரித்து ஒவ்வொரு துண்டாக மேலே வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டார். கைக்கு மட்டும் துணியை இரண்டு துண்டாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, ஓரம் தட்டிச் சரிபண்ணி, ஒரே வெட்டாக வெட்டினார்.

"பாரு, நூலளவு மாறியிருக்காது."

மாறவில்லை. அதுதான் பிரச்சினை என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

பாவாடை ஒரு நாளில் முடிந்தது. சட்டையின் உடம்புக்கு மூன்று நாள். பனியன் துணியாக இருந்தால் இழுத்த இழுப்புக்கு வரும், கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் விரலால் தள்ளிச் சரிக்கட்டிவிடலாம். பட்டு வராது. எங்கே பிடித்தோமோ அங்கேயே நின்றுகொண்டு பிடிவாதம் பிடிக்கும். போதாக்குறைக்கு வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் தினமும் தலைக்குமேல் நின்று, "தையல் ஏறி இறங்குதே," "நூல் லூஸாட்டம் இருக்குதே," என்று செக்கிங் வேலையும் பார்த்தார்.

கை வைக்கிற நாள் வந்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இது என் வேலை. ஏழு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கை வைத்திருப்பேன்! இடது கையை வைத்தேன். அச்சு மாதிரி உட்கார்ந்தது. வலது கையை வைத்தேன். முன்பக்கம் சுருங்கியது, பின்பக்கம் புடைத்தது. பிரித்தேன். மறுபடி வைத்தேன். அதே. மறுபடி பிரித்தேன். பட்டில் ஊசித் துளை போட்டது போட்டதுதான். நாலாவது தடவை வைத்துவிட்டு என் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்த்தேன். அது வலது கையைத் தூக்கியதும் சட்டை முழுவதும் கழுத்துப் பக்கம் ஏறிக்கொண்டது.

"கையத் தூக்காம நிக்கோணும் கண்ணு," என்றேன்.

"அப்ப எப்படிச் சாமி கும்புடறது?" என்று கேட்டது அந்தப் பிள்ளை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். பார்த்தார். "கட்டிங்கல்லாம் கரெக்ட். நீ வெச்சதுதான் தப்பு."

"ஏழு வருஷமா கை வெக்கறனுங்க."

"பதிமூணு வருஷமா நான் வெட்டறேன்."

அன்றைக்கு ராத்திரி சோற்றுக்குக் கொத்தவரங்காய்ப் பொரியல், அதுவும் கருகிப்போயிருந்தது.

நோம்பிக்கு மூன்று நாள் இருக்கும்போது எதிர்வீட்டுக்காரி ஊரிலிருந்து வந்துவிட்டாள். பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. நான் சட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் அதை வாங்கி, உள்ளும் வெளியும் திருப்பி, இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள்.

"எக்கா, ரெண்டும் இடது கையில்லா! யாரு வெட்டுனது?"

"மாஸ்டர்," என்றேன்.

அவள்தான் விளக்கினாள். டி-சர்ட் கைக்கு முன்பின் கிடையாது, எந்தக் கையை எந்தப் பக்கம் வைத்தாலும் உட்காரும். ஜாக்கெட் கைக்கும் இந்தச் சட்டைக் கைக்கும் முன்பக்கம் ஆழமாகக் குடைந்திருக்கும். அதனால் வலதும் இடதும் வேறு வேறு. துணியை முகத்தோடு முகம், அதாவது நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம், சேர்த்து மடித்து வெட்டினால் ஜோடியாக வரும். என் வீட்டுக்காரர் கம்பெனி வழக்கப்படி இரண்டு துண்டையும் முகம் மேலே பார்க்க அடுக்கி வெட்டியிருக்கிறார். ஒரே கை இரண்டு தடவை. அதைப் புரட்டி வைத்தால் பொருந்தும், ஆனால் ஜரிகையின் உள்பக்கம் வெளியே தெரியும்.

பதிமூன்று வருஷமும் ஏழு வருஷமும் சேர்ந்து இருபது வருஷ அனுபவம் எங்கள் வீட்டில். ஒரு பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஒரு வலது கை செய்ய முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

"துணி மிச்சம் இருக்காக்கா?"

இல்லை. மிச்சத்தை மாஸ்டர், மிஷின் துடைப்பதற்கு ஏற்ற மாதிரி, பொடிப்பொடியாக வெட்டித் தள்ளியிருந்தார். அவள் பாவாடையை எடுத்து விரித்து, இடுப்புப் பக்கத்தை முழம் போட்டாள். உள்ளே வளர்த்திக்காக நான் விட்டிருந்த மடிப்பைப் பிரித்து, கூட நாலு விரல் எடுத்தால் ஒரு கைக்குத் துணி வரும் என்றாள்.

"நீயே வெட்டிரு சாமி," என்றேன்.

"நான் பஸ்ஸுல வந்து கையெல்லாம் நடுங்குது. நீங்க வெட்டுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

வெட்டினேன். கத்தரிக்கோலைப் பிடித்து என் வாழ்நாளில் வளைவாகத் துணி வெட்டியதே அன்றைக்குத்தான். ஓவர்லாக்காரிக்கு வெட்டிய துண்டுதான் வந்து சேரும். முகம் எந்தப் பக்கம், குடைவு எந்தப் பக்கம் என்று மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு வெட்டினேன். மறுநாள் வைத்தேன். உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுக் காட்டியது.

நோம்பிக்குக் கணியூர் போனோம். புள்ளைக்குப் பாவாடை கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. "இப்பெல்லாம் இதுதானுங்க பேஷன்," என்று சொல்லிவைத்தேன். சட்டை அம்சமாக இருந்தது. கோயிலடியில் நாலு பொம்பளைகள் புள்ளையைச் சுற்றி நின்று கையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

"யாருங்க தைச்சது?"

நங்கையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "என்ற தம்பிங்க. திருப்பூர்ல கட்டிங் மாஸ்டர். அவன் வெட்டுனா நூலளவு மாறாதுங்க."

நான் அவரைப் பார்த்தேன். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு கீழே பார்த்தார். மறுக்கவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் சுற்றிலும் கொட்டுச் சத்தம். நான் கத்தியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

திரும்பி வருகிற பஸ்ஸில் உடுமலைப்பேட்டை வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அங்கே வண்டி நின்றபோது அவரே இறங்கிப் போய் முறுக்கு வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார்.

"அக்கா முன்னால எப்படிச் சொல்றது? எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு."

"எனக்கு?"

"உனக்கென்ன. நீதான தைச்சேன்னு உனக்குத் தெரியுமில்ல."

அது போதும் என்று அவர் உண்மையாகவே நினைத்தார் போலிருக்கிறது. நான் முறுக்கைத் தின்றேன். கோபத்தோடு தின்றாலும் முறுக்கு நன்றாகத்தான் இருந்தது.

லீவு முடிய இன்னும் ஒரு வாரம் பாக்கி இருந்தது. ஊரிலிருந்து இரண்டு பேர் துணி கொடுத்துவிட்டிருந்தார்கள், "மாஸ்டர் வெட்டித் தரட்டும்" என்று சொல்லி. அந்தப் பையை அப்படியே அவருடைய சைக்கிள் கேரியரில் மாட்டி வைத்தேன். பிறகு கடைவீதிக்குப் போய் எனக்குப் பிடித்த ஒரு பூப்போட்ட காட்டன் துணி எடுத்து வந்தேன். யாரும் கேட்காத துணி. யாருடைய நோம்பிக்கும் இல்லை. எதிர்வீட்டுக்காரியின் மிஷினில் நாலு நாள் உட்கார்ந்து நானே வெட்டி, நானே மூட்டி, எனக்கு ஒரு நைட்டி தைத்தேன். ரேடியோவைப் போட்டுக்கொண்டு, நடுநடுவே எழுந்துபோய் மிச்சமிருந்த வெண்டைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் தைத்தேன். வலது பக்கம் ஒரு பாக்கெட்கூட வைத்தேன்.

போட்டுக்கொண்டு நின்றபோது வீட்டுக்காரர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கீழ ஒரு பக்கம் ஏத்தமா இருக்குது புள்ள."

"இருக்கட்டும்ங்க," என்றேன். பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு வெண்டைக்காய் பறிக்கப் போய்விட்டேன்.