வேனோடு போன இணையம்

போன செவ்வாய்க்கிழமை கோலா பிலா டவுனைத் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. தோட்டங்களுக்குப் போகும் நடமாடும் கிளினிக் வேனின் கூரையில் செயற்கைக்கோள் இணையத் தட்டு ஒன்றைப் பொருத்தியிருந்தேன். தாதி வேனில் இருப்பார், டாக்டர் சிரம்பானில் இருந்தபடி வீடியோவில் நோயாளியைப் பார்ப்பார். அன்றைக்கு வீடியோ வராவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்கு, அதாவது நாங்கள் போகும் கடைசிப் பிரிவுக்கு, வேன் கிடையாது என்று கிளினிக் நிர்வாகம் சொல்லிவிட்டது. அங்கே பஸ்ஸும் கிடையாது.

காலை ஆறரைக்குச் செண்டாயானில் இருந்து கிளம்பினோம். தாதி சாந்தி அக்கா, டிரைவர் மாரி அண்ணன், நான். கோலா பிலாவில் மூன்று பேருக்கும் ரொட்டி சானாய், தே தாரிக் டீ, மொத்தம் பதினாறு வெள்ளி பில். அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர். கடைசி ஆறு கிலோமீட்டர் மண் சாலை. மழை பெய்திருந்தால் சாதாரணக் காரில் போகாதீர்கள். மண் சாலை தொடங்கும் இடத்திலேயே போன் சிக்னல் செத்துவிடும்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடலின் ஓரத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம். வேன் எப்போதும் அதன் அடியில்தான் நிற்குமாம். சனங்கள் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும். மேலே பார்த்தால் முழுக்க இலை.

"அண்ணே, வேன நடுத்திடலுக்கு எடுங்க."

"எடுத்தா இவங்க எங்க உக்காருவாங்க? வெயிலு மண்டையப் பொளக்குது லா."

"கொஞ்ச நேரந்தானே!"

சாந்தி அக்கா சிரித்தார். "வெயில்ல உக்கார வெச்சு பிரஷர் பாத்தா எல்லாருக்கும் ஏறித்தாண்டா இருக்கும்."

எனக்கு எரிச்சல். டாக்டர் பதினோரு மணி வரைதான் இருப்பார். வேன் கூரையை அங்குலம் அங்குலமாக அளந்த எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் நிழல் ஞாபகம் வரவில்லை.

வரிசையில் முதல் ஆள் ஆறுமுகம், செம்பனைக் குலை வெட்டுகிறவர். இனிப்பு நீர் வியாதி, காலில் துணிக்கட்டு. "கோயில் ஸ்டோருல கூடாரம் சும்மாதானே கெடக்கு? தலைவரே, சாவி?" என்றார்.

கோயில் தலைவரும் பிரஷர் பார்க்கத்தான் வந்திருந்தார். "சாவி இந்தா. ஆனா சாமி கூடாரத்துல ஊசி போடக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. பேசறதுன்னா பேசிக்குங்க."

அப்படியே ஒப்பந்தம். ஊசி வேனுக்குள், வீடியோ கூடாரத்தில். நடுத்திடலில் மஞ்சள் கூடாரம் எழுந்தது. பக்கத்தில் வெயிலில் வேன். சில நிமிடங்களில் டாக்டரின் முகம் தெளிவாக வந்தது.

துணிக்கட்டைப் பிரித்து ஆறுமுகத்தின் காலைக் காட்டினார் சாந்தி அக்கா. டாக்டர் ஒரு கேள்விதான் கேட்டார்: "விரல் எப்பலருந்து கறுப்பா இருக்கு?" பதிலைக் கேட்டதும், "உடனே ஆஸ்பத்திரிக்கு. இப்பவே," என்றார்.

வேறு வண்டி இல்லை. ஆறுமுகத்தையும் சாந்தி அக்காவையும் ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியது. கூரையில் திருகிய தட்டும் அதோடு போனது. கூடாரத்தில் மிச்சம் இருந்த சனங்களும் நானும்.

"தம்பி," என்றார் தலைவர், "லைன் வந்துச்சு. அதத் தூக்கிக்கிட்டே போயிட்டாங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தட்டை வண்டியில் திருகாதீர்கள். தனி ஸ்டாண்ட், முப்பது மீட்டர் கேபிள், ஒரு பேட்டரி. வண்டி நிழலில் நிற்கட்டும், தட்டு வெயிலில் காயட்டும். கிளம்புவதற்கு முன்னால் டிரைவரிடம் வண்டியை எங்கே நிறுத்துவார் என்று கேளுங்கள். வரைபடத்தில் அது இருக்காது.

இரண்டு மணிக்குக் குலை ஏற்றிய லாரியில் இடம் கிடைத்தது. தார்ச்சாலை வந்ததும் போன் உயிர்பெற்றது. சாந்தி அக்காவின் குரல் செய்தி:

"ஒரு விரலு போவுமாம். காலு தப்பிச்சிருச்சு. வேன் வர்றத நிறுத்த மாட்டாங்க, நிர்வாகத்துல பேசிட்டேன். மிச்ச ஆளுங்கள நாளைக்குப் பாக்கறோம், அதே ஆறரை மணி. கேபிள் நீட்டமா எடுத்துட்டு வா லா. தலைவரு கூடாரத்த இன்னும் கழட்டல."