பதினைந்து எழுத்துக்கு ஐந்து மடிப்பு

சலவைக்கூடத்து அத்தை ஒரு நீள வினைச்சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தால், பிரெஞ்சுக்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் மொழியை அவளிடமே ஒப்படைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள். இதில் பொய் கொஞ்சம்தான்.

பிரெஞ்சுப் பயணிகள் வந்து தங்கும் பெரிய விடுதி ஒன்றின் அடித்தளத்தில் பன்னிரண்டு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. நீராவி நெஞ்சைக் கெடுத்துவிட்டது. நாலு படி ஏறினாலே மூச்சு இழுக்கும். மேலே வரவேற்பு மேசைக்கு மாற்றல் வேண்டுமென்றால் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. மூன்றாவதும் போனால் அடித்தளமே கதி.

மண்ணைக் கவ்வ வைத்தவை நீளச் சொற்கள்தான். ஒன்று மகா மோசம். 'ஊக்கம் கொடுப்பார்கள்' என்பது போல ஒரு சொல், எழுதினால் பதினைந்து எழுத்து. வாயில் வருவதோ 'ஆங்கூராஜரே', அவ்வளவே. கடைசி மூன்று எழுத்துக்குச் சத்தமே கிடையாது. அத்தைக்கு அது பொறுக்கவில்லை. எழுதினதை முழுங்குவது சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுவது மாதிரி என்றாள். ஒன்றுவிடாமல் உச்சரித்து, 'யென்ட்' என்று லாரி பிரேக் போட்டதுபோல நிறுத்துவாள்.

அவள் அண்ணன் மகள் ஒரு வாலு, பள்ளியைப் பாதியில் விட்டவள், இதை எழுதுகிறவளும் அவளே. கதவுக்குப் பின்னால் நின்று அந்த 'யென்ட்'டைத் திருப்பிச் சொல்வாள். அத்தை துடைப்பத்தைத் தேடுவதற்குள் தெருமுனை தாண்டியிருப்பாள்.

ஒருநாள் வேலையில் வாய் முணுமுணுக்க, கை தன்பாட்டுக்கு மடித்தது. ஆங், ஒரு மடிப்பு. கூ, இன்னொன்று. ரா. ஜ. ரே. ஐந்தாவதில் விரிப்பின் ஓரத் தையல் உள்ளே போய் மறைந்தது. அத்தை அப்படியே நின்றாள். ஓரம் தொலையவில்லை, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த எழுத்துகளும் உள்ளே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனம் இறங்கினாள். அன்றிலிருந்து எந்தச் சொல்லானாலும் அசைக்கொரு மடிப்பு.

தேர்வில் அதே சொல் வந்து நின்றது. கையில் துணி இல்லை. அத்தை கேள்வித்தாளையே மடித்தாள். ஐந்து மடிப்பு, ஐந்து அசை, 'யென்ட்' எட்டிப் பார்க்கவில்லை. எதிரே இருந்த ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"ரொம்ப சரி. அடுத்த கேள்வி உள்ளதான் இருக்கு, கொஞ்சம் பிரிங்கம்மா."

அரைமணியில் 'தேர்ச்சி' என்று முத்திரை விழுந்தது.

தாளோடு வெளியே வந்தால், தேர்வறைச் சன்னலுக்கடியில் சுவரோரம் வாலு. செருப்பு தைக்க வந்தேன் என்றாள். அத்தை குனிந்து பார்த்தாள். இரண்டு செருப்பும் கல்லு மாதிரி இருந்தன. நிமிர்ந்து அவள் முகத்தைத் திருப்பினாள்.

"ஒரு கன்னம் மட்டும் வெயில்ல வெந்திருக்கு. காலையிலேருந்து இங்கயேதான் நின்னியா?"

"பஸ் லேட்டு."

"சரி. தேறினேனா இல்லையான்னு ஏன்டி இன்னும் கேக்கல?"

வாலு சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"அது தலைகீழா ஒட்டியிருக்குடி," என்றாள் அத்தை.