சைரன் அக்கா

அக்கா நின்றுகொண்டுதான் பேசுவார். பின்னால் கிடக்கும் நாற்காலியில் அவருடைய கைப்பை உட்கார்ந்திருக்கும். "உக்காந்தா குரல் கெஞ்ச ஆரம்பிச்சுடும்" என்பார். ஒரு கையில் தொலைபேசி. மறுகை மேசை விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய டேப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கும். "பரிசோதனைக் கூடத்துலேர்ந்து பேசறேம்மா. குழந்தை நல்லா பால் குடிக்குதா?" என்று தொடங்குவார். எதிர்முனையில் அழுகையோ வசையோ, இரண்டிலொன்று நிச்சயம்.

பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி, சொட்டு ரத்தத்தைத் தாளில் உலர்த்தி இங்கே அனுப்புகிறார்கள். பரம்பரையாக வரும் ஹார்மோன் கோளாறுகளை அதில் தேடுகிறோம். அவற்றில் ஒன்று பொல்லாதது. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி சரியாக வேலை செய்யாமல், உடம்பின் உப்பெல்லாம் வெளியேறிவிடும். பார்க்கக் கொழுகொழுவென்றிருந்த பிள்ளை இரண்டாவது வாரத்தில் துவண்டு போகும். சந்தேகம் வந்தால் அந்த வீட்டுக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்வது இவர் வேலை. வார்டு நர்ஸுகள் வைத்த பெயர் சைரன் அக்கா. "சைரன் அடிச்சா ஓடி வரணும். எனக்கு எவன் வர்றான்?" என்று அவரே கேட்டுச் சிரிப்பார். பல் மட்டும்தான் சிரிக்கும்.

யாரும் வராததற்குக் காரணம் இந்தக் கூடத்துக்குள்ளேயே இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு, இந்தக் கோளாறுக்காக நாங்கள் அளக்கும் ஹார்மோன் இயல்பாகவே ஏறித்தான் இருக்கும். இங்கேயோ எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வரம்பு, தாண்டினால் அழைப்பு. அதனால் பெரும்பாலான அழைப்புகள் வீண் பீதி. குறைமாதத்துக்குத் தனி வரம்பு வைத்து, சந்தேகமான ரத்தத்தை மட்டும் மாடியிலுள்ள நுட்பமான கருவியில் இன்னொரு முறை பார்த்தால் போதும். இயக்குநருக்கும் இது தெரியும். அக்கா போய்க் கேட்டபோது சொன்னார்: "கூப்பிட்டுப் பாக்கறதுல என்னம்மா நஷ்டம்? ஒண்ணும் இல்லேன்னா சந்தோஷமா வீட்டுக்குப் போகப்போறாங்க." அன்றைக்கு அக்கா ஒரு முழ டேப்பை ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தார்.

போன வாரம் ஓர் அப்பாவிடம் மாட்டிக்கொண்டார்.

"திரும்பவும் நீங்களா? மூத்தவ எட்டாம் மாசத்துல பொறந்தப்பவும் இதே பாட்டுதான் பாடினீங்க. அப்புறம் ஒண்ணுமில்லேன்னு அனுப்பினீங்க. அந்தப் பயத்துல என் பொண்டாட்டிக்குப் பாலே நின்னுபோச்சு, தெரியுமா?"

அவர் கேட்டது அத்தனையும் நியாயம். "எங்க தப்புதாங்க. பையன் எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன? அழுகையே இல்ல. பாலுக்குக்கூட எழுப்பணும். சமத்துப் பிள்ளை."

சுரண்டும் விரல் நின்றது.

"அது சமத்து இல்லீங்க!" கூடமே திரும்பிப் பார்த்தது. "இப்பவே தூக்கிட்டு வாங்க. வந்து என்னைத் திட்டுங்க, அடிங்க. வாசல்லயே நிக்கறேன்."

அப்பா போனை வைத்துவிட்டார். மறுபடி அழைத்தபோது எடுக்கவில்லை. அக்கா, அவருடைய மனைவியின் எண்ணுக்குப் போட்டார்.

"அவர் வேணாங்கறாருக்கா..."

"அவரை விடும்மா. நீ பிள்ளையோட கையைத் தூக்கி விட்டுப் பாரு."

துணி விலகும் சரசரப்பு கேட்டது. பிறகு, "அக்கா, தொப்புனு விழுதே!" என்ற குரல்.

"கிளம்பு!"

மூவருமாக வந்தார்கள். பையன் துணிமூட்டைபோல் கிடந்தான். மருத்துவர்கள் பறித்துக்கொண்டு ஓடினார்கள். நரம்பில் உப்புநீரும் மருந்தும் ஏறியபின், மாலையில் வீலென்று கத்தினான். தாழ்வாரத்தில் நின்றிருந்த அப்பா அக்காவிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கக் கைகூப்பினார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். மூத்தவ விஷயத்துல நாங்கதான் உங்களை ஏமாத்தினோம்" என்றார் அக்கா. குரலில் இரக்கம் இல்லை, கோபம்தான் இருந்தது. அவர்மேல் அல்ல.

அக்கா மேசைக்குத் திரும்பியதும் இயக்குநர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"பாத்தீங்களா, நம்ம ஏற்பாடு எவ்வளவு பிரமாதமா வேலை செய்யுதுன்னு!" என்று குலுக்கக் கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தார். தொலைபேசியை எடுத்து அடுத்த எண்ணை அழுத்தினார்.

"ஏழாம் மாசத்துல பொறந்த பொண்ணு, சார். அநேகமா ஒண்ணும் இருக்காது. ஆனாலும் உடனே தூக்கிட்டு வரச்சொல்லி அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

எதிர்முனையில் மணி ஒலிக்கத் தொடங்கிய தொலைபேசியை அந்த நீட்டிய கைக்குள் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கிவிட்டார்.