மைக்கில் அம்மாவின் பெயர்

புனேயில் கராடி பகுதியில் கைவினைப் பொருள் கண்காட்சி. மண்பானைக் கடையில் நின்றபோது, காணாமல்போன குழந்தையைப் பற்றி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கையில் எடுத்த பானையைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது இப்படியொரு கண்காட்சியில் அம்மா காணாமல் போனாள். அப்பாவின் ஆலை வேலைக்காக நெல்லையிலிருந்து புனே பக்கம் ஆகுர்டிக்கு அப்போதுதான் வந்திருந்தோம். அம்மாவுக்கு இந்தியும் தெரியாது, வீட்டு விலாசமும் தெரியாது. அப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஓடினார். எங்கும் துணிகளின் புதுச்சாய வாடை. அழக்கூடப் பயமாக இருந்தது.

மேடையில் இருந்த அறிவிப்பாளர் திரும்பத் திரும்ப இந்தியில் அழைத்தார். அவர் சொன்ன விதத்தில் அது அம்மாவின் பெயர் என்றே எனக்குத் தெரியவில்லை. இருட்டத் தொடங்கியது. கடைசியில் அப்பாவே மைக்கை வாங்கினார். வாங்கியவர் பேசாமல் நின்றார். வீட்டில் அவர் அம்மாவை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"செண்பகம்," என்றார். "பயப்படாத. நின்ன எடத்துலயே கையத் தூக்கு. நாங்க வாறோம்."

நெடுநேரம் எந்தக் கையும் தெரியவில்லை. பிறகு மூங்கில் கூடைகளுக்கு அப்பால், பச்சைக் கண்ணாடி வளையல்களோடு ஒரு கை எழுந்தது.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். எங்கள் நிறுத்தம் வந்ததும் அப்பா, "ஏட்டி, பாத்து எறங்கு" என்றார்.

அம்மா இருக்கையை விட்டு எழவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க," என்றாள். "எறங்குதேன்."