வெள்ளை வராத கருடன்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளை மங்கலம்பேட்டைக் கடைகளுக்கு லோடு ஆட்டோவில் கொண்டுபோகிற சாமிக்கண்ணுவுக்குப் பதினைந்து வருஷமாக ஒரே பழக்கம். வழியில் கருடனைப் பார்த்துவிட்டால் வண்டியை ஓரங்கட்டிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆட்டோ வாங்கியது, கூரை வீட்டை ஓட்டு வீடாக்கியது எல்லாமே கருடனைக் கேட்டுத்தான். பெண்டாட்டி பாஞ்சாலை கேலி செய்வாள். மனுஷன் காதில் வாங்கமாட்டார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் தை மாதம், மகள் அன்புக்கரசியைக் கேட்டுக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்தார்கள். நஞ்சை உள்ள இடம். மறுநாள் சாயங்காலம் போனில் பதில் சொல்ல வேண்டும். அன்று காலையில் கருடன் கண்ணில் பட்டால் சரி, படாவிட்டால் வேண்டாம் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

பாதி வழியில் கரண்டுக் கம்பத்தின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. கருடனுக்குத் தலையும் மார்பும் வெள்ளையாக அல்லவா இருக்கும்? இது உடம்பெல்லாம் அழுக்குப் பழுப்பு. கறிக்கடையைச் சுற்றுகிற வெறும் பருந்து என்று தள்ளவும் மனசு வரவில்லை. உட்கார்ந்திருந்த தோரணை கருடனுடையதுதான். கன்னத்துக்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது. இது என்னடா சோதனை என்று தலையைச் சொறிந்தார்.

அந்த நேரம் மொபெட்டில் வந்தார் பொம்மைக் கடை பரக்கத்துல்லா. கத்தாரில் வேட்டைப் பறவை வளர்க்கும் வீட்டில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நிறத்தைப் பார்க்காதீர்கள், பறக்கும்போது வாலைப் பாருங்கள் என்றார். வால் நடுவில் பிளந்திருந்தால் பருந்து, வட்டமாக இருந்தால் கருடன். அந்தப் பறவையோ அரைமணி நேரம் அசையவில்லை. கடைசியில் ஒரு லாரி ஹாரனுக்குத்தான் எழும்பியது. வால் பனையோலை விசிறி போல வட்டமாக விரிந்தது.

“கருடன்தாங்க. ஆனா குஞ்சு. வெள்ளை வர ரெண்டு மூணு வருசம் ஆவும்” என்று சொல்லிவிட்டு பாய் போய்விட்டார்.

சாமிக்கண்ணுவுக்கு முன்னைவிடக் குழப்பம். கருடன் வந்துவிட்டது, அப்படியானால் சரி. வெள்ளை வரவில்லை, அப்படியானால் வேண்டாமா? லோடை இறக்கிவிட்டு வீடு திரும்பும்வரை இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தது. வழியில் நடந்ததையெல்லாம் வீட்டில் சொன்னார். நர்ஸிங் இரண்டாம் வருஷப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அன்புக்கரசி நிமிர்ந்தாள்.

“அது இன்னா பறவைன்னு தெரிஞ்சிக்க அரமணி நேரம் ரோட்ல நின்னிருக்கிற. என்னய ஒரு வார்த்த கேக்கலியேப்பா.”

அவருக்குச் சுருக்கென்றது. என்னம்மா செய்யலாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். படித்து முடிக்க வேண்டும் என்றாள்.

போன் அடித்தது. “பொண்ணு படிப்ப முடிக்கட்டுங்க” என்று சொல்லி வைத்தார். சொல்ல வைத்தது கருடனா, மகளா என்று அவருக்கு விளங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் எதையாவது கேட்டது இதுதான் முதல் தடவை என்பது மட்டும் விளங்கியது. வெட்கமாக இருந்தது.