கருவாடா, உப்புக்கண்டமா

எர்மெலிந்தாவுக்கும் எனக்கும் எழுதாத பாகப்பிரிவினை ஒன்று இருந்தது. சிகுவிரேயின் தலை எனக்கு, உடல் அவளுக்கு. அபூரே ஆற்றங்கரைப் பண்ணையில் தவக்காலத்துக்கு முன்னால் வருடாவருடம் வேட்டை நடக்கும். பன்றி அளவுக்கு வளர்ந்து, மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு கிடக்கிற பிராணி அது. எர்மெலிந்தா அதைத் தோலுரித்து, விரித்து, உப்பு தேய்த்து வெயிலில் போடுவாள். பண்ணையில் முகாம் போட்டிருந்த பல்கலைக்கழகத்துக்காரர்களிடம் நான் எழுத்தர். தலையை வேகவைத்துச் சுரண்டி, பல்லை அளந்து, சீட்டு கட்டி வைப்பது என் வேலை. பட்டம் வாங்கவில்லை. ஆனால் வாங்கியவர்களைவிட எனக்குத் திமிர் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய் வராது.

"மண்டையோட்டுக்காரரே, மூளை உள்ளதா பாத்து எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு ஆவும்" என்பாள் எர்மெலிந்தா. கொட்டகையே சிரிக்கும்.

அவள் காயப்போட்டதை ஒரு நாளும் உப்புக்கண்டம் என்று சொன்னதில்லை. கருவாடு என்பாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். தண்ணீரில் கிடப்பதால் சிகுவிரே மீன்தான், கறி ஆகாத தவக்காலத்திலும் தின்னலாம் என்று என்றைக்கோ பாதிரிமார் அனுமதி கொடுத்ததாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

அந்த வருடம் அவள் மகள் யொராய்மாவுக்குப் பதினோரு வயது. காய்ச்சல் வந்து போனதில் இதயம் கெட்டுவிட்டது. அறுவை சிகிச்சைக்குக் காரகாஸ் ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிவிட்டு, கூப்பிடும் வரை காத்திருங்கள் என்றார்கள். எர்மெலிந்தா அச்சாகுவாஸ் கோயிலுக்குப் போய் சிலுவை சுமக்கிற நசரேனோ சாமி முன்னால் மண்டியிட்டு வேண்டிக்கொண்டாள். பிள்ளைக்குக் குணமாகும் வரை தரையில் நடக்கும் எதன் கறியையும் தொடுவதில்லை. மாடு போயிற்று, கோழி போயிற்று. வறண்ட காலத்தில் குட்டைகள் வெடித்துக் கிடந்தன, மீன் கிடைக்கவில்லை. மரவள்ளி ரொட்டியும் சிகுவிரேக் கருவாடும்தான் அவள் சாப்பாடு.

யொராய்மாவால் பள்ளிக்கு நடக்க முடியாது. நோட்டை எடுத்துக்கொண்டு என் கூடாரத்து நிழலில் வந்து உட்கார்வாள். ஒரு நாள் கேட்டாள்.

"மீனுக்கு ஏன் மாமா மயிர் இருக்கு?"

என் திமிருக்குத் தீனி கிடைத்தது. ஒரு மண்டையோட்டை எடுத்து வைத்தேன்.

"யாரு மீனுன்னா? இந்தப் பல்லப் பாரு, சாவுற வரைக்கும் வளரும். இது கொறிக்கிற சாதி, எலிக்குப் பங்காளி. மலைநாட்டுல திங்கிறதுக்குக் கூயின்னு வாலில்லாத எலி மாதிரி ஒண்ண வீட்டுக்குள்ள வளக்குறாங்கல்ல, அதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். இதோட முப்பாட்டனுங்க எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னால ஆப்பிரிக்காவுலேர்ந்து கடல்ல மிதந்து வந்தானுங்க. தரையிலதான் மேஞ்சுது, பொறவுதான் தண்ணிக்குள்ள எறங்குச்சு."

"தண்ணியில எறங்கிட்டா மீனாயிடாதா?"

"நீ ஆத்துல குளிச்சா மீனாயிடுவியா?"

சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கி உதடு நீலமாகிவிட்டது. அவளைத் தேற்றிவிட்டு, அவள் நோட்டில் ஒரு மரம் வரைந்தேன். ஒரு கிளையில் கூயி, ஒரு கிளையில் சிகுவிரே, அடிமரத்தில் 'கொறிப்பன' என்று கொட்டை எழுத்தில். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா. தெரிஞ்சா கருவாட்டையும் நிறுத்திடும். வெறும் ரொட்டியத் தின்னுட்டு நாள் முச்சூடும் கத்தி புடிக்க முடியுமா? அது விழுந்துட்டா என்னைய யாரு காரகாஸ் கூட்டிட்டுப் போவா?"

சரி என்றேன்.

காரகாஸிலிருந்து கூப்பிடவேயில்லை. மே மாதம் முதல் மழையின்போது யொராய்மா இறந்துபோனாள்.

ஒன்பது நாள் செபம் முடிந்த மறுநாள் காலையில் எர்மெலிந்தா அந்த நோட்டோடு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எம்புள்ள எழுதுனத எனக்குப் படிச்சுக் காட்டுங்க. ஒண்ணு விடாம."

படித்தேன். வகுத்தல் கணக்குகள், ஆறுகளின் பெயர்கள், மாமிக்கு எழுதி அனுப்பாத ஒரு கடிதம். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் என் மரம், என் கையெழுத்து. 

"சிகுவிரே. தண்ணீரில் வாழ்வது. மீன் இனம்" என்று படித்தேன்.

"மீன்னு எங்க இருக்கு?"

ஏதோ ஒரு சொல்லைக் காட்டினேன். அவள் எங்கள் பாஷை எழுத்துகளை விரல் வைத்து எண்ணினாள்.

"இது இல்ல. மீனுக்கு ஏழு எழுத்து. கொட்டாய் வாசல்ல விக்கிற பலகையில 'மீன்'னு எம்புள்ளதான் எழுதுனா, எனக்கும் எழுத்துக் கூட்டச் சொல்லிக் குடுத்தா. எனக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தைய வச்சு என்னையே ஏமாத்துறீங்களே அய்யா."

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டுச் சமாளிக்கவும் பார்த்தேன். "பிராணிக்கெல்லாம் பேரு வச்சு முத முதல்ல புஸ்தகம் எழுதுன பெரிய மனுசனே இதப் பன்னியோட சேத்துட்டான் எர்மெலிந்தா. பேரு வக்கிறது மனுசன். உன் மனசு சாமிக்குத் தெரியாதா?"

"சாமி கெடக்கட்டும். அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மார்ச்சுலேர்ந்து."

"தெனம் எதிர்ல உக்காந்து, 'இன்னங் கொஞ்சம் தின்னும்மா'ன்னு தன் தட்டுலேர்ந்து எடுத்து வச்சாளே. வேண்டுதல் ஒடைஞ்சா போறது தன் உசுருன்னு தெரிஞ்சேவா எடுத்து வச்சா?" என்று கேட்டாள். அப்புறம் என் மேசை மேல் விழுந்து அழுதாள். சீட்டு கட்டிய மண்டையோடுகள் உருண்டு விழுந்தன. அவற்றைப் பொறுக்கக் குனிந்த நானும் அழுதுவிட்டேன். அன்றைக்கு அழுததுபோல் நானும் அதற்குப் பிறகு அழுததில்லை.

முகாம் கலைந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நான் பண்ணையிலேயே தங்கிவிட்டேன். எர்மெலிந்தா இன்னமும் உப்பு தேய்க்கிறாள், விற்கிறாள். ஆனால் மாட்டையும் தொடுவதில்லை, மீனையும் தொடுவதில்லை, சிகுவிரேயையும் தொடுவதில்லை. ரொட்டியும் அவரையும் தின்று வற்றிப்போய்விட்டாள். போன தவக்காலத்தில் மனசு கேட்காமல் சொன்னேன்.

"போதும் எர்மெலிந்தா. அந்த வேண்டுதல்தான் என்னைக்கோ முடிஞ்சு போச்சே."

கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"எங்க முடிஞ்சுது? புள்ளைக்குக் கொணமாகுற வரைக்கும்னுதானே வேண்டிக்கிட்டேன்."